சர்க்யூட்டைத் திறக்கும் முன்: தொற்றுள்ள வென்டிலேட்டர் நோயாளியிடம் முதல்முறை நிற்பவர்களுக்கு

ஐசியூவுக்குப் புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. "சிஸ்டர், இந்த பெட் பக்கத்தில் நின்றால் எனக்கும் ஒட்டிக்கொள்ளுமா?" கேட்பதில் தப்பே இல்லை. கேட்காமல் தைரியமாகத் திரிபவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

தொண்டையில் டியூப் இருந்து, அதன் நுனியைச் சுற்றியுள்ள கஃப் என்ற சிறு பலூன் சரியாக ஊதியிருந்து, சர்க்யூட் (டியூபிலிருந்து வென்டிலேட்டர்வரை போகும் குழாய் இணைப்பு) எங்கும் கழலாமல் ஓடிக்கொண்டிருந்தால், அந்த நோயாளி உங்களுக்கு அவ்வளவு ஆபத்தானவர் இல்லை. வார்டில் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு இருமிக்கொண்டிருப்பவரைவிட அவர் சாது. அவர் விடும் மூச்சு குழாய்க்குள்ளேயே போய், ஃபில்ட்டரைத் தாண்டித்தான் அறைக்குள் வருகிறது. அந்த வட்டத்தை நாம் திறக்கும் நேரம் இருக்கிறதே, சக்‌ஷன் (சளியை உறிஞ்சி எடுப்பது) போடும்போது, ஃபில்ட்டர் மாற்றும்போது, டியூபை எடுக்கும்போது, அப்போதுதான் ஆபத்து. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வரும்: திறக்காமல் முடிக்க முடியுமா, முடியாவிட்டால் எப்படித் திறப்பது. உங்கள் யூனிட்டில் எழுதி ஒட்டியிருக்கும் நெறிமுறை வேறு மாதிரி சொன்னால், அதைப் பின்பற்றுங்கள்.

கோவிட்டை மட்டும் மனதில் வைத்து இதை எழுதவில்லை. எச்1என்1 காய்ச்சலுக்கும் இதே கதைதான். நம் ஊரில் இன்னும் கவனிக்க வேண்டியது காசநோய். நிமோனியா என்று சேர்த்து டியூப் போட்டிருப்போம். மூன்றாம் நாள் சளிப் பரிசோதனை முடிவு வரும்போது காசநோய் என்று இருக்கும். அதற்குள் எத்தனை பேர் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க்கோடு சக்‌ஷன் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று கணக்குப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். என்ன கிருமி என்று தெரியும்வரை தொற்று இருப்பதாகவே நினைத்து வேலை செய்யுங்கள். பிறகு இல்லை என்று வந்தால் நஷ்டம் இரண்டு மூன்று மாஸ்க்தான்.

உள்ளே போகும் முன்

முதலில் அறை. நெகட்டிவ் பிரஷர் அறையாக (உள்காற்று வெளியே கசியாதபடி அழுத்தம் குறைத்த அறை) இருந்தால் மணிக்கு 12 முறை காற்று முழுதாக மாறும்படி அமைத்திருப்பார்கள். கதவு மூடியிருந்தால்தான் அந்த அழுத்தம் நிற்கும். "இப்போ வந்திடறேன்" என்று கதவைக் காலால் தடுத்து நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் எல்லா ஷிஃப்டிலும் உண்டு, நீங்களும் அப்படி ஆகிவிட வேண்டாம். அப்படிப்பட்ட அறை இல்லாத இடங்களே அதிகம். அங்கே ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும்தான் துணை. ஸ்ப்ளிட் ஏசி அறையைக் குளிர்விக்கும், ஆனால் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும்.

அடுத்து என்95. கீழ்ப் பட்டை கழுத்துக்குப் பின்னால், மேல் பட்டை உச்சந்தலைப் பக்கம். மூக்கின் மேலுள்ள கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்துங்கள். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் மடிந்து பக்கவாட்டில் சந்து விழும். பிறகு இரண்டு கைகளாலும் மாஸ்க்கைப் பொத்தி, வேகமாக மூச்சு விட்டுப் பாருங்கள். கண்ணை நோக்கிக் காற்று வந்தால் மேலே சரியில்லை. மூச்சை இழுக்கும்போது மாஸ்க் லேசாக உள்ளே ஒட்ட வேண்டும். இதைச் செய்யாமல் போட்ட என்95-க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தாடி வைத்த தம்பிகளே, மன்னிக்கவும், தாடிக்கு மேல் எந்த என்95-ம் சீலாகாது.

கவுன், கையுறை, கண்ணாடி என்று முழுக் கிட்டும் போட்ட பிறகு, தேவையான சாமான்களை வெளியிலேயே ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். உள்ளே போய், சர்க்யூட்டைப் பிரித்த பிறகு "ஐயோ, புது ஃபில்ட்டர் எடுக்கலையே" என்று நின்றால், அந்த அரை நிமிடம் நோயாளிக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். கதவுக்கு வெளியே ஒருவரை ஓட்டத்துக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணாடி வழியாகக் காட்ட ஒரு சிலேட்டோ அட்டையோ இருந்தால் கத்த வேண்டியதில்லை. கிட்டுக்குள்ளிருந்து கத்தினாலும் யாருக்கும் புரியாது.

டியூப் போடும்போது

2003-இல் சார்ஸ் வந்தபோது டியூப் போடும் இடத்தில் இருந்த பணியாளர்களுக்கு, மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகத் தொற்று வந்தது. அதனால் எல்லோருக்கும் டியூபைக் கண்டாலே பயம். கோவிட் காலத்தில் துகள்களை எண்ணும் கருவியைப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார்கள். மயக்கமும் தசைத் தளர்வும் முழுதாகக் கொடுத்து நிதானமாகப் போட்டால், ஒரே ஒரு இருமலில் வருவதைவிடக் குறைவான துகள்களே காற்றில் கலந்தன. அப்படியானால் டியூபைப் பற்றிக் கவலைப்படுவதைவிட இருமலைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் படிகள் எல்லாம் தானே புரியும்.

புதியவரான நீங்கள் டியூப் போடப் போவதில்லை. அது அங்கே இருப்பவர்களில் கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை, பழகிப் பார்க்கும் இடம் இதுவல்ல. உங்கள் பங்கு உதவியாளர். அறைக்குள் மூன்று பேர் போதும். வேடிக்கை பார்க்க வருபவர்களை, பெரியவர்களாக இருந்தாலும், பணிவாக வெளியே நிற்கச் சொல்லுங்கள்.

முதலில் ஆக்சிஜன் மாஸ்க்கை முகத்தோடு இறுக்கிப் பிடித்து 3 முதல் 5 நிமிடம் கொடுப்பார்கள். இரண்டு கைகளாலும் பிடித்தால்தான் ஓரத்தில் கசியாது. மாஸ்க்குக்கும், கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் பேகுக்கும் நடுவில் ஃபில்ட்டர் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. மருந்து போன பிறகு உடனே வாயைத் திறக்க மாட்டார்கள், தசை முழுதாகத் தளரும்வரை ஒரு நிமிடம்போலக் காத்திருப்பார்கள். அந்த ஒரு நிமிடம் ஒரு மணி நேரம் மாதிரி இருக்கும். அவசரப்பட்டால் இருமல்தான் பதில். மாஸ்க்கை முகத்திலிருந்து எடுக்கும் முன் ஆக்சிஜன் ஓட்டத்தை நிறுத்துங்கள், இல்லையென்றால் அது முகத்தின் மேலிருப்பதையெல்லாம் ஊதித் தள்ளும்.

டியூப் உள்ளே போனதும் கஃப் ஊதுவது முதலில், காற்றுக் கொடுப்பது பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது. கஃப் ஊதாமல் காற்றுக் கொடுத்தால், நுரையீரலிலிருந்து வருவதெல்லாம் தொண்டை வழியாக உங்கள் முகத்துக்கு நேரே வரும். டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை, வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளந்து காட்டும் கேப்னோகிராஃப் அலையில் பாருங்கள். கிட்டுக்குள் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் நுழைப்பது முடியாத காரியம், அதனால் இங்கே அலைதான் சாட்சி. பல்லருகே எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்து உடனே எழுதுங்கள். சுமாராகப் பெண்களுக்கு 21, ஆண்களுக்கு 23 வரும்.

ஒரு கிளைக்கதை. 2020-இல் தலையை மூடும் அக்ரிலிக் பெட்டி ஒன்று எல்லா இடத்திலும் பிரபலமானது. பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் கை நுழையும் ஓட்டை வழியாக வேலை செய்வது, கட்டிப்போட்ட கையோடு கோலம் போடுவது மாதிரி. டியூப் போட நேரம் கூடியது, பெட்டியின் ஓட்டைகள் வழியாகவும் காற்று வந்தது. அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் எஃப்.டி.ஏ அதே ஆண்டு ஆகஸ்ட்டில் உறிஞ்சு வசதி இல்லாத பெட்டிகளுக்கான அவசர அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உங்கள் ஸ்டோர் ரூமில் இன்னும் ஒன்று தூசி படிந்து கிடந்தால் அங்கேயே கிடக்கட்டும்.

சர்க்யூட்டில் எது எங்கே

நோயாளியின் வாயிலிருந்து வெளியே வரும் வரிசையை ஒருமுறை விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லிப் பழகுங்கள். முதலில் டியூப். அதில் மூடிய சக்‌ஷன் குழாய். அதற்கு அப்புறம் ஈரத்தைத் தக்கவைக்கும் ஃபில்ட்டர். அதற்கு அப்புறம் வழி இரண்டாகப் பிரியும் ஒய்-பீஸ், இரண்டு குழாய்கள், வென்டிலேட்டர். கேப்னோகிராஃப் குழாயை ஃபில்ட்டருக்கு வென்டிலேட்டர் பக்கமாக மாட்டினால் சளி அதற்குள் போகாது. மூச்சு வெளியேறும் குழாய் மெஷினுக்குள் நுழையும் இடத்தில் இன்னொரு ஃபில்ட்டர் இருக்க வேண்டும்.

ஈரம் தக்கவைக்கும் எல்லாப் பொருளும் கிருமியைத் தடுக்காது. வெறும் ஈரம் காப்பது ஒன்று, ஈரம் காத்துக் கிருமியையும் வடிகட்டுவது இன்னொன்று. உறையில் எழுதியிருப்பதைப் படித்து எடுங்கள். தண்ணீரைச் சூடாக்கும் ஹியூமிடிஃபையர் ஓடிக்கொண்டிருந்தால் இந்த ஃபில்ட்டரைச் சேர்த்துப் போடக் கூடாது. நனைந்து அடைத்து, நோயாளிக்கு மூச்சு போகாமல் நின்றுவிடும். ஏர்வே பிரஷர் (மூச்சுப் பாதை அழுத்தம்) அலாரம் காரணம் தெரியாமல் அடித்தால் டியூபையும் ஃபில்ட்டரையும் சேர்த்தே சந்தேகியுங்கள்.

கஃப் அழுத்தத்தை மானோமீட்டர் என்ற அழுத்தமானி வைத்து ஒவ்வொரு ஷிஃப்டிலும் பாருங்கள். 25 முதல் 30 சென்டிமீட்டர் நீரழுத்தம். குறைந்தால் கசியும், கூடினால் மூச்சுக்குழாய்ச் சவ்வுக்கு ரத்தம் போகாது. கஃப்போடு இணைந்து வெளியே தொங்கும் பைலட் பலூனை விரலால் அமுக்கி "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லும் பழக்கம் பெரியவர்களிடமும் உண்டு. அதை மட்டும் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளாதீர்கள். தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்டாலோ, மெஷின் கொடுத்த காற்றைவிடத் திரும்பி வரும் அளவு குறைந்தாலோ முதலில் கஃப்பைப் பாருங்கள்.

சக்‌ஷன்

ஷிஃப்டுக்கு இத்தனை முறை என்று மணி பார்த்துச் செய்யும் வேலையில்லை இது. ஏர்வே பிரஷர் ஏறினால், வென்டிலேட்டர் திரையின் அலையில் பல் பல்லாகத் தெரிந்தால், நெஞ்சில் கை வைக்கும்போது கரகரவென்று உணர்ந்தால், சாச்சுரேஷன் (ரத்த ஆக்சிஜன் அளவு) இறங்கினால் செய்யுங்கள். தேவையில்லாமல் போடும் ஒவ்வொரு சக்‌ஷனும் ஒரு இருமலைக் கிளப்பும்.

தொற்றுள்ளவருக்கு மூடிய சக்‌ஷன் மட்டும்தான். கேத்தீட்டர் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருக்கும், சர்க்யூட்டைப் பிரிக்கவே தேவையில்லை. அளவு தேர்ந்தெடுக்க எளிய கணக்கு: டியூப் எண்ணிலிருந்து 2-ஐக் கழித்து 2-ஆல் பெருக்குங்கள். டியூப் 8 என்றால் கேத்தீட்டர் 12. டியூப் 7 என்றால் 10.

கையுறையோடு நின்று, முதலில் வென்டிலேட்டரில் 100 சதவீத ஆக்சிஜன் பொத்தானை அழுத்துங்கள். அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். சுவரிலுள்ள சக்‌ஷன் அழுத்தத்தை 150 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் வையுங்கள். ஒரு கையால் டியூபும் சக்‌ஷன் குழாயும் சேரும் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கையை எடுக்கவே கூடாது, இழுவை எல்லாம் அங்கேதான் விழும். மறு கையால் கேத்தீட்டரை உறையோடு உள்ளே தள்ளுங்கள். உள்ளே போகும்போது உறிஞ்ச வேண்டாம். தடுத்தால் ஒரு சென்டிமீட்டர் பின்னால் இழுத்துவிட்டு, பொத்தானை அழுத்திக்கொண்டே வெளியே எடுங்கள். உள்ளே போவதிலிருந்து வெளியே வருவதுவரை 15 விநாடிக்குள். உங்கள் மூச்சையும் பிடித்துக்கொண்டு செய்து பாருங்கள், உங்களுக்குத் திணறும்போது அவருக்கும் திணறும் என்று புரியும்.

கேத்தீட்டரிலுள்ள கருப்புக் கோடு உறைக்குள் தெரியும்வரை முழுதாக வெளியே வரட்டும். பாதி உள்ளேயே விட்டுவிட்டுப் போனால் டியூபின் பாதி அடைபட்டிருக்கும், ஆனால் அலாரம் ஏன் அடிக்கிறது என்று அரை மணி நேரம் தேடுவோம். அப்புறம் ஃபிளஷ் துளை வழியாக சலைன் விட்டுக் கழுவும்போது சக்‌ஷன் பொத்தானை முதலில் அழுத்திவிட்டு, பிறகு சலைனை விடுங்கள். மாற்றிச் செய்தால் சலைன் நுரையீரலுக்குள் போகும். சளி கெட்டியாக இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் டியூபுக்குள் சலைன் விடும் பழைய பழக்கம் வேண்டாம். இருமலைத்தான் அது கிளப்பும். சளி கெட்டிப்பட்டால் ஈரம் போதவில்லை என்று பொருள், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பிரித்தே ஆக வேண்டுமென்றால்

ஃபில்ட்டர் மாற்ற, சக்‌ஷன் செட் மாற்ற, ஸ்கேனுக்குக் கொண்டுபோகும் வென்டிலேட்டருக்கு மாற்ற, என்று ஏதாவது ஒரு காரணம் வரத்தான் செய்யும். முதல் கேள்வி: எந்த இடத்தில் பிரிக்கப் போகிறோம்? முடிந்தவரை ஃபில்ட்டர் நோயாளியோடு இருக்கும்படி, அதற்கு அந்தப் பக்கம் பிரியுங்கள். அப்போது அவர் மூச்சு விட்டாலும் வடிகட்டித்தான் வரும். ஃபில்ட்டரையே மாற்ற வேண்டியிருந்தால்தான் டியூபைக் கிளாம்ப் செய்யும் வேலை.

கிளாம்ப் போடும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, நோயாளி தானாக மூச்சிழுக்கிறாரா? இழுப்பவருக்குக் கிளாம்ப் போட்டால் அடைபட்ட குழாயோடு போராடி இழுப்பார், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மயக்கம் ஆழமாக வேண்டுமா என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். இரண்டு, டியூபுக்குள் கம்பிச் சுருள் இருக்கிறதா? கம்பிச் சுருள் டியூபை நசுக்கினால் நசுங்கினபடியே நின்றுவிடும், பிறகு டியூபையே மாற்ற வேண்டும்.

இரண்டும் சரி என்றால் இரண்டு பேர் சேர்ந்து செய்யுங்கள், ஒருவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் 100. புதுப் பொருள் உறை பிரித்துக் கையில் தயார். பல்லில்லாத கிளாம்ப், அல்லது துணி சுற்றிய ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ். மூச்சு உள்ளே போய் நிறையும் கணத்தில் கிளாம்ப் போடுங்கள், பீப் அழுத்தம் உள்ளேயே நிற்கும். (வென்டிலேட்டர் பாஷையில் பீப் என்றால் மூச்சு விட்ட பிறகும் நுரையீரலை விரித்து வைத்திருக்கும் அழுத்தம், அலாரச் சத்தம் அல்ல. புதியவர்கள் குழம்பிப் பார்த்திருக்கிறேன்.) உடனே வென்டிலேட்டரை ஸ்டாண்ட்பையில் (தற்காலிக நிறுத்தத்தில்) போடுங்கள். பிரியுங்கள், மாற்றுங்கள், இணையுங்கள். கிளாம்பை எடுங்கள். வென்டிலேட்டரை ஓடவிடுங்கள். நெஞ்சு எழும்புகிறதா, கேப்னோகிராஃப் அலை திரும்பியதா என்று பாருங்கள்.

கிளாம்பைப் போட்டவரே எடுக்க வேண்டும், எடுத்ததும் "எடுத்தாச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்த வேலையில் நோயாளியின் உயிருக்கே ஆபத்தான தப்பு கிளாம்பை மறப்பதுதான். போர்வைக்கு அடியில் ஃபோர்செப்ஸ் மறைந்திருக்க, எல்லோரும் மெஷின் திரையையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு இரவு என் ஞாபகத்தில் இருக்கிறது. சில விநாடிகளில் கண்டுபிடித்துவிட்டோம், நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து கிளாம்ப் போட்டால் அதில் சிவப்பு டேப் ஒன்றை நீளமாகத் தொங்கவிடுகிறேன்.

தானாகக் கழன்றுகொண்டால்? நோயாளியைக் குப்புறப் படுக்கவைக்கும்போதுதான் பெரும்பாலும் நடக்கும். திருப்பும் முன் சக்‌ஷன் போட்டுவிடுங்கள், இணைப்புகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள், தலைமாட்டில் நிற்பவர் டியூபைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது. அப்படியும் கழன்றால் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, கையை நீட்டி உடனே இணையுங்கள். அலாரம் கேட்டுக் கிட் போடாமல் யாரும் உள்ளே ஓடி வரக் கூடாது, டாக்டராகவே இருந்தாலும்.

இதயம் நின்றுவிட்டால் பழைய பழக்கத்தில் நம் கை, அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் ஆம்பு பேகைத் தேடும். வேண்டாம். டியூப் இருக்கிறது, வென்டிலேட்டர் ஓடுகிறது, பிரிக்காமல் ஆக்சிஜனை 100 ஆக்கிவிட்டு நெஞ்சை அழுத்துங்கள். அழுத்துவதையே மூச்சு என்று நினைத்து மெஷின் காற்றுக் கொடுக்காதபடி அமைப்பை மருத்துவர் மாற்றிக்கொள்வார்.

நெபுலைசர் (மருந்தைப் பனிப்புகையாக்கிக் கொடுக்கும் கருவி) போடச் சொன்னால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: இன்ஹேலராகக் கொடுக்கலாமா? சர்க்யூட்டிலேயே பொருத்தும் ஸ்பேசர் இருந்தால் மாற்றுவது சுலபம்.

டியூபை எடுக்கும்போது

போடும்போது கிட் போட்டு ஆறு முறை சரிபார்த்தவர்கள், எடுக்கும்போது சந்தோஷத்தில் அசட்டையாகிவிடுவார்கள். நோயாளி தேறிவிட்டார் அல்லவா! ஆனால் முன்னால் சொன்னதை நினைவில் வையுங்கள், இருமல்தான் எதிரி. போடும்போது அவர் தளர்ந்து கிடந்தார். எடுக்கும்போது விழித்திருக்கிறார், கட்டாயம் இருமுவார்.

அதனால் இங்கேயும் முழுக் கிட், இரண்டே பேர். மூடிய சக்‌ஷனால் டியூபையும், பிறகு வாயையும் சுத்தம் செய்யுங்கள். நோயாளிக்கு முன்னால் நேராக நிற்காமல் தலைப்பக்கமோ பக்கவாட்டிலோ நில்லுங்கள். வென்டிலேட்டரை ஸ்டாண்ட்பையில் போட்டு, கஃப்பை இறக்கி, சக்‌ஷன் குழாயும் ஃபில்ட்டரும் ஒட்டியிருக்கும்படியே டியூபை நிதானமாக இழுத்து, பக்கத்தில் விரித்து வைத்த பைக்குள் நேராகப் போடுங்கள். "நல்லா இருமுங்க ஐயா" என்று சொல்லும் பழக்கம் இங்கே வேண்டாம். உடனே ஆக்சிஜன் மாஸ்க்கோ மூக்குக் குழாயோ போட்டு, மூக்குக் குழாயானால் மேலே சர்ஜிக்கல் மாஸ்க் ஒன்றை மாட்டுங்கள். திரும்ப டியூப் போட வேண்டிவந்தால் என்று அந்தச் சாமான்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் டியூப் வைப்பது) பற்றி நீங்கள் இப்போது தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். கழுத்தில் திறக்கும் நேரத்தில் வென்டிலேட்டரை நிறுத்திவைப்பார்கள். நிறுத்தச் சொல்லும் குரல் வரும்வரை கையை மெஷின் மேல் வைத்துக்கொண்டு வேறெங்கும் பார்க்காமல் நில்லுங்கள்.

வெளியே வரும்போது

வேலை முடிந்த உடனே அறையைக் கூட்டித் துடைக்க ஆளை அனுப்பாதீர்கள். மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையில் மிதப்பவற்றில் 99 சதவீதம் வெளியேற 23 நிமிடம் ஆகும், 6 முறை மாறும் அறையில் 46 நிமிடம். துடைக்க வரும் அக்காவுக்கும் என்95 வேண்டும். அவருக்கு யாரும் சீல் பார்த்துக் கொடுப்பதில்லை, நீங்கள் பார்த்துக் கொடுங்கள்.

கிட்டைக் கழற்றும் இடத்தில்தான் களைப்பில் தப்பு நடக்கிறது. முதலில் கையுறை. கையைத் தேய்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் கவுன், உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி. கையைத் தேய்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைப் பின்பக்கமாகப் பிடித்து எடுங்கள். மறுபடி கை. கதவைத் தாண்டி வெளியே வந்து, கதவு மூடிய பிறகு, கடைசியாக மாஸ்க். கீழ்ப் பட்டையை முதலில், மேல் பட்டையை அடுத்து, முன்பக்கத்தைத் தொடாமல். பிறகு சோப்புப் போட்டு 40 விநாடிக்குக் குறையாமல் கழுவிவிட்டு, சார்ட்டை எடுத்துக் கஃப் அழுத்தத்தையும் டியூப் நிற்கும் சென்டிமீட்டரையும் எழுதுங்கள். அடுத்த ஷிஃப்டுக்கு வரும் பிள்ளை முதலில் தேடப் போவது அந்த இரண்டு எண்களைத்தான்.